முப்பது, அறுபது, இருபத்தைந்து: அந்த மூன்று எண்களை முதலில் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸ் பிரிஸ்கோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இந்த மாதம் புது ஹோண்டா சி.ஆர்.வி. வாங்கினேன். வரியெல்லாம் சேர்த்து 37,000 டாலர். 3,000 கையிலிருந்து போட்டேன், 34,000 கடன். இன்சூரன்சுக்கு இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. முதலாவது ஆறு மாதத்துக்கு 1,038 டாலர். அதில் 30/60/25 என்று போட்டிருக்கிறது, டிடக்டிபிள் (சேதத்தில் முதலில் நம் கையிலிருந்து போடும் தொகை) 500. ‘ஃபுல் கவரேஜ் சார், கவலையே வேண்டாம்’ என்கிறார் ஏஜென்ட். இரண்டாவது 1,210 டாலர். அதில் 100/300/100, யு.எம்., பி.ஐ.பி. 10,000 என்று என்னென்னவோ இருக்கிறது, டிடக்டிபிளோ 1,000. ஊரில் காம்ப்ரிஹென்சிவ் எடுத்து, மேலே பம்பர் டு பம்பரும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இங்கே எதை எடுப்பது? ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கும்போது பி.ஐ.பி. எதற்கு? மனைவி இப்போதுதான் லேர்னர் உரிமம் வாங்கியிருக்கிறாள். ஜூனில் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்து ஐந்து மாதம் தங்குகிறார்கள். அப்பா முப்பது வருடம் கார் ஓட்டியவர், இங்கேயும் ஓட்ட ஆசைப்படுகிறார். சேமிப்பு, பங்குகள் எல்லாம் சேர்த்து 90,000 டாலர் வரை இருக்கிறது.

பதில்: இரண்டாவதை எடுங்கள். அதிலும் இரண்டு இடங்களில் திருத்தம் கேளுங்கள். அவற்றைக் கீழே சொல்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் ஆறு மாதத்துக்கு 172 டாலர், மாதத்துக்கு 29 டாலர்கூட முழுசாக இல்லை. அந்தத் தொகையில் உங்கள் 90,000 டாலருக்குக் காவல் போடுகிறீர்கள். முதல் கொட்டேஷன் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் உங்கள் காரைத்தான்.

ஊர்ப் பழக்கத்தில் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் தவறான முடிவுகள் பலவும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. இந்தியாவில் காம்ப்ரிஹென்சிவ் என்றால் மூன்றாம் நபர் காப்பீடு, மோதல் சேதம், திருட்டு, வெள்ளம் எல்லாம் ஒரே பொட்டலத்தில் வரும். அமெரிக்காவில் அதே சொல்லுக்குப் பொருள் மிகச் சின்னது: மோதல் தவிர்த்த மற்ற காரணங்களால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதம், அவ்வளவுதான். ‘ஃபுல் கவரேஜ்’ என்பது பாலிசியில் எங்குமே இல்லாத சொல். விற்பவர்களும் கடன் கொடுப்பவர்களும் வாய்வழக்காகச் சொல்வது. பெரும்பாலும் அதற்கு லயபிலிட்டி (உங்கள் தவறால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்கும் கொடுப்பது), கொலிஷன் (மோதலில் உங்கள் காருக்கு ஏற்படும் சேதம்), காம்ப்ரிஹென்சிவ் மூன்றும் இருக்கிறது என்று அர்த்தம். லயபிலிட்டி எவ்வளவு என்பதை அந்தச் சொல் சொல்லாது.

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. இந்தியாவில் விபத்தில் இன்னொருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ, தீர்ப்பாயம் எவ்வளவு விதிக்கிறதோ அதை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். மூன்றாம் நபர் பாலிசியில் உயிருக்கும் உடலுக்கும் உச்சவரம்பு கிடையாது. இங்கே உச்சவரம்பு உண்டு, அதை முடிவு செய்வது நீங்கள். கம்பெனி அதுவரைதான் கொடுக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டாலரும் உங்கள் கணக்கு. அதனால்தான் ஊரில் யாரும் பார்க்காத அந்த மூன்று எண்களை இங்கே முதலில் பார்க்க வேண்டும்.

30/60/25 என்பதை ஆயிரங்களில் படியுங்கள். உங்கள் தவறால் காயமடையும் ஒருவருக்கு அதிகபட்சம் 30,000 டாலர். ஒரு விபத்தில் காயமடைந்த எல்லோருக்கும் சேர்த்து 60,000. அவர்களுடைய கார், வேலி, மின்கம்பம் போன்ற பொருள்சேதம் எல்லாவற்றுக்கும் 25,000. இது டெக்சாஸ் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். சாலையில் இறங்க அது போதும். ஒரு நடுத்தர விபத்தைத் தாங்கப் போதாது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சிக்னலைக் கவனிக்காமல் ஒரு பிக்கப் டிரக்கின் பக்கவாட்டில் இடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். உள்ளே மூன்று பேர். ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிவு, அவர் கேட்கும் இழப்பீடு 70,000. மற்ற இருவருக்கும் 20,000, 15,000. டிரக் மொத்தமும் போயிற்று, அதன் மதிப்பு 48,000. இந்தத் தொகைகளில் மிகை இல்லை. பிரிஸ்கோ பார்க்கிங்கில் நிற்கும் புது டிரக்குகளின் விலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். 30/60/25 பாலிசியில் முதலாமவருக்கு 30,000 தாண்டாது. மூவருக்கும் சேர்த்து 30, 20, 15 என்று 65,000 வருகிறதே, அதுவும் 60,000-இல் நின்றுவிடும். காயத்துக்கான மொத்தம் 1,05,000, பாக்கி 45,000. டிரக்குக்கு 25,000 போக 23,000 பாக்கி. ஆக 68,000 டாலர் உங்கள் மேல். 100/300/100 இருந்தால் இதே விபத்தில் பாக்கி ஒன்றுமே இல்லை.

டெக்சாஸில் சாதாரணக் கடன் தீர்ப்புக்காகச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது, ஓய்வூதியக் கணக்கையும் தொட முடியாது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆனால் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்தபிறகு அது வெறும் பணம். அதையும் நீங்கள் வைத்திருக்கும் பங்குகளையும் தீர்ப்பு எட்டும். தீர்ப்பு பத்தாண்டு உயிரோடு இருக்கும், புதுப்பிக்கவும் முடியும். நாளை வேலை மாறி கலிஃபோர்னியா போனால் அங்கே சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. மாநிலம் விட்டு மாநிலம் மாறுகிறவர்கள் டெக்சாஸ் சட்டத்தை நம்பி லயபிலிட்டியைக் குறைக்கக் கூடாது.

லயபிலிட்டியில் பலரும் கவனிக்காத ஒரு நன்மை: உங்கள் மேல் வழக்கு வந்தால் வக்கீல் வைத்து வாதாடும் செலவும் கம்பெனியுடையது. காயப்பட்டவரின் வக்கீல் ‘பாலிசி வரம்பு முழுவதையும் இத்தனை நாளுக்குள் கொடுங்கள்’ என்று கடிதம் அனுப்பினால், அதை அன்றைக்கே உங்கள் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான அந்தக் கோரிக்கையைக் கம்பெனி தட்டிக்கழித்து, பின்னால் தீர்ப்பு வரம்பை மீறினால், மிகுதிக்கும் கம்பெனியே பொறுப்பாகும் வழி டெக்சாஸ் சட்டத்தில் இருக்கிறது. கடிதம் உங்கள் மேசையில் கிடந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

நான் சொன்ன முதல் திருத்தம் இங்கேதான். 100/300/100-க்கு அடுத்த படியான 250/500/100-க்கு எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். லயபிலிட்டி ஏற ஏற விலை அதே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் படிகள்தான் விலை கூடியவை. 250/500/100 இருந்தால் பின்னாளில் அம்பரெல்லா பாலிசி வாங்கவும் முடியும். அது கார் பாலிசியின் வரம்பு தீர்ந்தபிறகு அதற்கு மேல் 10 லட்சம் டாலர் வரை நிற்கும் தனிப் பாலிசி. பெரும்பாலான கம்பெனிகள் அதற்கு அடியில் இந்த அளவு லயபிலிட்டி கேட்கும். வீடு வாங்கும் ஆண்டில் அம்பரெல்லாவையும் சேர்த்து வாங்குங்கள். இப்போதைக்கு 250/500/100 போதும், அது கட்டுபடி ஆகாவிட்டால் 100/300/100-க்குக் கீழே இறங்காதீர்கள்.

அடுத்து யு.எம்., யு.ஐ.எம். இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் இடித்தால் என்ன என்பது. உங்களை இடித்தவரிடம் இன்சூரன்ஸே இல்லாவிட்டால்? அல்லது அவரும் அதே 30/60/25 வைத்திருந்து, உங்கள் மனைவியின் சிகிச்சை 30,000-ஐத் தாண்டினால்? முதல் நிலைக்கு யு.எம். (அன்இன்சூர்ட் மோட்டரிஸ்ட்), இரண்டாவதற்கு யு.ஐ.எம். (அண்டர்இன்சூர்ட் மோட்டரிஸ்ட்). இடித்தவர் கொடுக்க வேண்டியதை உங்கள் கம்பெனியே கொடுக்கும். டெக்சாஸில் இந்தக் கவரேஜைக் கம்பெனி கட்டாயம் முன்வைக்க வேண்டும், வேண்டாம் என்றால் நீங்கள் எழுத்தில் மறுக்க வேண்டும். ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது அந்த ‘எழுத்து’ ஒரு சின்னக் கட்டமாக வரும். விலையைக் குறைத்துக் காட்ட ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பதும் உண்டு. உங்கள் முதல் கொட்டேஷனில் யு.எம்., பி.ஐ.பி. இரண்டும் காணவில்லையென்றால், அந்தக் கட்டங்கள் உங்களுக்காக நிரப்பப்பட்டிருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

இடித்துவிட்டு ஓடிப்போகும் விபத்துக்கும் யு.எம். உதவும். ஆனால் டெக்சாஸில் அந்த வண்டி உங்கள் வண்டியை நேராகத் தொட்டிருக்க வேண்டும். யாரோ குறுக்கே வெட்டியதால் நீங்கள் திருப்பிப் போய்ச் சுவரில் இடித்தால் யு.எம். வராது, கொலிஷன்தான். யு.எம். பொருள்சேதத்துக்கு டிடக்டிபிள் 250 டாலர். கொலிஷன் டிடக்டிபிள் 1,000 என்றால், இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்த காரைச் சரிசெய்ய யு.எம். வழியே போவது 750 டாலர் மிச்சம். யு.எம்./யு.ஐ.எம். அளவை உங்கள் லயபிலிட்டிக்குச் சமமாக வையுங்கள்.

இப்போது உங்கள் பி.ஐ.பி. (பர்சனல் இஞ்சுரி புரொடெக்‌ஷன்) கேள்வி. இந்தக் கவரேஜுக்கு யார் தவறு என்ற கேள்வியே இல்லை. நீங்கள், உங்கள் குடும்பத்தார், உங்கள் காரில் பயணம் செய்கிறவர் யாராக இருந்தாலும் மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானத்தில் 80 சதவீதம், சம்பளமில்லாமல் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் காயப்பட்டால் அந்த வேலைக்கு ஆள் வைக்கும் செலவு எல்லாம் இதில் உண்டு. டெக்சாஸில் எழுத்தில் மறுக்காவிட்டால் குறைந்தது 2,500 டாலருக்குத் தானாகச் சேர வேண்டும். ஆபீஸ் ஹெல்த் பிளானிலும் டிடக்டிபிள் இருக்கும்; முதல் சில ஆயிரம் டாலர் உங்கள் பையிலிருந்துதான் போகும். அந்தப் பள்ளத்தை பி.ஐ.பி. நிரப்பும்.

உங்கள் விஷயத்தில் அதைவிட முக்கியமான காரணம் அப்பாவும் அம்மாவும். அவர்களுக்கு உங்கள் ஹெல்த் பிளான் கிடையாது. விசிட்டர் இன்சூரன்ஸ்தான் இருக்கும், அதன் நிபந்தனைகள் வயதானவர்களுக்கு இறுக்கமானவை. உங்கள் தவறால் விபத்து நடந்து அவர்கள் காயப்பட்டால் உங்கள் லயபிலிட்டி கொடுக்குமே என்று நினைக்கலாம். பல டெக்சாஸ் பாலிசிகளில் ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தாருக்குக் கொடுக்கும் லயபிலிட்டியை, நீங்கள் எவ்வளவு எடுத்திருந்தாலும், சட்டத்தின் குறைந்தபட்சத்துக்கு இறக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. ஐந்து மாதம் தங்கும் பெற்றோர் ‘ஒரே வீட்டார்’ ஆவார்களா என்ற வாதத்தை ஆஸ்பத்திரி வாசலில் நின்று நடத்த வேண்டாம். பி.ஐ.பி. 10,000 என்றால் தலைக்கு 10,000 வரை கொடுக்கும், யார் தவறு என்ற கேள்வி இல்லாமல். அதை வெட்டாதீர்கள். மெட்பே என்று இன்னொன்றைக் காட்டி ‘இதுவும் அதுதான்’ என்றால் நம்ப வேண்டாம்; அதில் வருமான இழப்பு கிடையாது, மருத்துவமும் இறுதிச் சடங்கும் மட்டுமே.

உங்கள் காருக்கானவை இரண்டு. கொலிஷன் என்பது இன்னொரு வண்டியிலோ, சுவரிலோ, சாலைக் குழியிலோ மோதினாலும், கவிழ்ந்தாலும், தவறு யாருடையதானாலும் உங்கள் காரைச் சரிசெய்யும். காம்ப்ரிஹென்சிவ் என்பது திருட்டு, தீ, வெள்ளம், விழும் கிளை, கண்ணாடி உடைப்பு, ஆலங்கட்டி. மானில் இடித்தாலும் இதில்தான் சேரும். மானைத் தவிர்க்கத் திருப்பி மரத்தில் இடித்தால் அது கொலிஷன். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் இந்த வித்தியாசத்தால் டிடக்டிபிளும் மாறும், அடுத்த ஆண்டு பிரீமியமும் மாறும். காம்ப்ரிஹென்சிவ் கோரிக்கை பெரும்பாலும் ஓட்டுநரின் தவறாகக் கணக்கில் ஏறாது.

நான் சொன்ன இரண்டாவது திருத்தம் டிடக்டிபிளில். கொலிஷனுக்கு 1,000 இருக்கட்டும். காம்ப்ரிஹென்சிவுக்கு 500 ஆக இறக்கச் சொல்லுங்கள். இரண்டும் தனித்தனியாக வைக்கலாம், அதைப் பலர் கேட்பதே இல்லை. வட டெக்சாஸில் வசந்தகாலம் என்றால் ஆலங்கட்டி. எலுமிச்சை அளவுக் கட்டிகள் பத்து நிமிடம் விழுந்தால் கூரை முழுக்கக் குழி. நீங்கள் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் இதைத் தவிர்க்க முடியாது, கராஜ் இல்லாத அபார்ட்மென்ட் என்றால் கேட்கவே வேண்டாம். கொலிஷனில் உங்கள் கவனத்துக்கு ஒரு பங்கு உண்டு, அதனால் அங்கே டிடக்டிபிளை உயர்த்திப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அந்த 1,000 டாலரை மட்டும் எப்போதும் வங்கியில் தொடாமல் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தபிறகு போன் செய்து டிடக்டிபிளை மாற்றலாம் என்று இருக்காதீர்கள். அந்த நேரத்தில் பல கம்பெனிகள் புதுக் கவரேஜும் மாற்றமும் நிறுத்திவைக்கும்.

பம்பர் டு பம்பர் இங்கே தேடாதீர்கள். ஊரில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பதால் அந்தச் சேர்க்கை தேவைப்படுகிறது. இங்கே ரிப்பேரில் டயர், பேட்டரி போன்ற தேயும் பொருட்கள் தவிரப் பொதுவாகக் கழிப்பதில்லை. தேய்மானம் உங்களைக் கடிப்பது கார் மொத்தமும் போகும்போதுதான்: வாங்கிய விலை கிடைக்காது, விபத்துக்கு முந்தைய நிமிடத்தின் சந்தை மதிப்பே கிடைக்கும்.

அதனால் உங்களுக்கு கேப் இன்சூரன்ஸ் (காரின் சந்தை மதிப்புக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை அடைப்பது) வேண்டும். இரண்டு கொட்டேஷனிலும் அது இல்லை போலிருக்கிறது. 37,000 டாலர் காருக்கு 34,000 கடன் என்றால் முதல் இரண்டு மூன்று ஆண்டு கடன் பாக்கி காரின் மதிப்பைவிட மேலே இருக்க நிறைய வாய்ப்பு. ஓராண்டு கழித்து பாக்கி 29,500, சந்தை மதிப்பு 26,500 என்று வையுங்கள். கார் போய்விட்டால் டிடக்டிபிள் 1,000 போக கம்பெனி 25,500 கொடுக்கும், அதுவும் நேரே வங்கிக்கு. கார் இல்லை, ஆனால் 4,000 டாலர் கடன் நிற்கும். கேப் அதில் 3,000-ஐ அடைக்கும். டிடக்டிபிளையும் சேர்த்து அடைக்கும் ஒப்பந்தங்களும் உண்டு, படித்துப் பாருங்கள். டீலரின் கடன் பிரிவில் ஏற்கெனவே கேப் விற்றிருக்கிறார்களா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். அங்கே பல நூறு டாலராகக் கடனிலேயே சேர்த்து வட்டியும் போடுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அது மாதம் சில டாலர்தான். இருந்தால் ரத்து செய்து மீதி நாட்களுக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கடன் பாக்கி சந்தை மதிப்புக்குக் கீழே வந்ததும் கேப்பை நிறுத்திவிடுங்கள்.

வாடகைக் கார் கவரேஜ் நாளுக்கு 40 டாலர், 30 நாள் வரை என்று எடுங்கள். உதிரிபாகம் வரத் தாமதமாகி ஒரு மாதம் கார் ஷெட்டில் நிற்பது இப்போது சாதாரணம், உங்களிடம் இருப்பதோ ஒரே கார். சாலையோர உதவி காருடன் வந்த ஹோண்டா வாரன்ட்டியிலேயே சில ஆண்டு இருக்கும். அதற்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

இனி யார் ஓட்டுவது என்ற விஷயம். கோரிக்கைகள் நிராகரிக்கப்படுவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. உங்கள் வீட்டில் வாழும், ஓட்டும் வயதுள்ள எல்லோரையும் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். மனைவியின் பெயரை இன்றைக்கே சேருங்கள். லேர்னர் உரிமம் இருக்கும்வரை பல கம்பெனிகள் கூடுதலாக வாங்குவதில்லை. முழு உரிமம் வந்ததும் பிரீமியம் ஏறும், அதைத் தவிர்க்க மறைப்பது பெரிய தவறு. அவர் பழகும்போது 21 வயது நிறைந்த, உரிமம் உள்ள ஒருவர் முன்சீட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ‘அவங்க பெயரை விலக்கிவிட்டால் விலை குறையும்’ என்று யாராவது 515ஏ என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் விலக்கப்பட்டவர் ஒருநாள் அவசரத்துக்கு ஓட்டினாலும் லயபிலிட்டி உட்பட எதுவும் கிடைக்காது.

அப்பாவின் விஷயம் வேறு. எப்போதாவது காரை வாங்கும் நண்பருக்கு உங்கள் பாலிசியே பொருந்தும். இன்சூரன்ஸ் காரைத் தொடர்ந்து போகும் என்பார்கள். ஐந்து மாதம் வீட்டில் தங்கி அடிக்கடி ஓட்டுகிறவர் அந்தக் கணக்கில் வருவாரா என்பதைக் கம்பெனிதான் சொல்ல வேண்டும். அவர் வரும் முன், வரும் தேதி, போகும் தேதி, இந்திய உரிமம் இருக்கிறது என்ற விவரத்தோடு ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். போனில் சொன்ன ‘ஒண்ணும் பிரச்னையில்லை’ பின்னால் நிற்காது. ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வரச் சொல்லுங்கள், அது ஓராண்டு செல்லும்; அசல் உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். முதல் வாரம் காலியான பார்க்கிங்கில் ஓட்டட்டும். வலப்பக்கச் சாலைப் பழக்கத்தைவிட, சிவப்பு விளக்கு மின்னும் பள்ளிப் பேருந்துக்கு நிற்பதும், நாலுவழி ஸ்டாப்பில் முறை பார்த்துப் போவதும்தான் நம் ஊர் ஓட்டுநர்களுக்குக் கைவரத் தாமதமாகும்.

யாராவது அந்தக் காரில் உணவு டெலிவரி செய்தால், அந்த நேரத்துக்குச் சாதாரணப் பாலிசி பொருந்தாது; தனிச் சேர்க்கை வேண்டும்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியது: காயம் இருந்தால் 911. கார் ஓடும் நிலையில் இருந்தால் நெடுஞ்சாலையிலிருந்து ஓரம் கட்டுங்கள், அது சட்டமும்கூட. நான்கு பக்கமும், எதிர்வண்டியின் எண், இன்சூரன்ஸ் அட்டை, உரிமம், சிக்னல் எல்லாம் படம் எடுங்கள். பழக்க தோஷத்தில் ‘சாரி, என் தப்புதான்’ என்று சொல்லிவிடாதீர்கள். நலம் விசாரியுங்கள், தவறு யாருடையது என்பதைப் பேச வேண்டாம். டெக்சாஸில் தவறின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் உங்களுக்கு எதிர்த்தரப்பிலிருந்து ஒன்றும் கிடைக்காது, அதனால் அந்த ஒரு வாக்கியம் விலை உயர்ந்தது. எதிர்த்தரப்புக் கம்பெனி கூப்பிட்டு, நீங்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்கிறோம் என்றால் மறுக்கலாம். உங்கள் கம்பெனிக்கு ஒத்துழைக்க வேண்டும்.

தவறு எதிராளியுடையது என்றால் இரண்டு வழி. அவர் கம்பெனியிடம் போனால் டிடக்டிபிள் இல்லை, ஆனால் அவர்கள் தவறை ஒப்புக்கொள்ளும்வரை இழுக்கும். உங்கள் கொலிஷனில் போனால் 1,000 கட்டி உடனே வேலை ஆரம்பம். பிறகு உங்கள் கம்பெனி அவர்களிடம் வசூலித்து டிடக்டிபிளைத் திருப்பித் தரும். தினமும் கார் வேண்டும் என்றால் இரண்டாவது வழி. எந்த ஷெட்டில் விடுவது என்பது உங்கள் உரிமை, கம்பெனி கட்டாயப்படுத்த முடியாது. கழுத்து வலி இரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஆகவே காருக்கான செக்கோடு வரும் காகிதத்தில் காயத்துக்கான உரிமையையும் விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிக்காமல் கையெழுத்து வேண்டாம். வழக்குப் போட டெக்சாஸில் இரண்டாண்டு இருக்கிறது.

வேலை மாறி வேறு மாநிலம் போனால் பாலிசியை அப்படியே இழுத்துக்கொண்டு போக முடியாது. கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சம் 2025 ஜனவரியிலிருந்து 30/60/15. ஃபுளோரிடாவில் பி.ஐ.பி. 10,000, பொருள்சேதம் 10,000 மட்டும் கட்டாயம். பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான லயபிலிட்டி பெரும்பாலான ஓட்டுநர்களுக்குக் கட்டாயமே இல்லை, அதனால் அங்கே யு.எம். இல்லாமல் ஓட்டவே கூடாது. மிச்சிகனில் பி.ஐ.பி.யை எந்த அளவில் வைப்பது என்பதே தனிப் பெரிய முடிவு. அங்கே போகும்போது மறுபடி எழுதுங்கள்.

கையெழுத்துப் போட்டதும் பாலிசியின் விவரச் சுருக்கமான டிக்ளரேஷன் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 250/500/100, யு.எம்./யு.ஐ.எம். அதே அளவு, பி.ஐ.பி. 10,000, கொலிஷன் 1,000, காம்ப்ரிஹென்சிவ் 500, கேப், வாடகைக் கார், உங்கள் பெயரும் மனைவி பெயரும், இரவில் கார் நிற்கும் சரியான முகவரி, கடன் கொடுத்த வங்கியின் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு மாதம் போகும்போது பணம் மிச்சம் என்று பாலிசியை நிறுத்தாதீர்கள். வங்கி தன் பங்குக்கு விலை உயர்ந்த பாலிசி ஒன்றைப் போட்டு உங்கள் கணக்கில் ஏற்றும், அது வங்கியின் பணத்தை மட்டுமே காக்கும். இடைவெளி விழுந்தால் அடுத்த பாலிசியும் விலை ஏறும். டெக்சாஸில் பிரீமியத்தைக் கணக்கிட கிரெடிட் வரலாற்றையும் பார்ப்பார்கள், உங்களுக்கு அது இப்போதுதான் முளைத்திருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் புதுப்பிக்கும் முன், இதே அளவுகளைக் கொடுத்து மூன்று கம்பெனிகளில் மறுபடி விலை கேளுங்கள்.